ஹோமரை எதில் தொடங்குவது: உரைநடையா, செய்யுளா, ஒலிநூலா, கிரேக்கமா?

அண்மையில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் ஹோமரைப் பற்றிப் புலம்பினார்கள்; அதாவது அவர் பெயரில் வழங்கும் இலியட், ஒடிசி என்ற பழங்கிரேக்கக் காவியங்களைப் பற்றி. ஒருவர் லாட்டிமோர் மொழிபெயர்த்த இலியட்டை வாங்கி, இரண்டாம் காண்டத்தில் ட்ராய்க்குப் போன கப்பல்களின் நீண்ட பட்டியல் வந்ததும் மூடி வைத்துவிட்டார். இன்னொருவர் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த சாமுவேல் பட்லரின் ஒடிசியைப் பாதி படித்துவிட்டு, "இதில் ஒடிசியஸ் எப்போது வருவார்? யூலிசிஸ் என்று ஒருவர்தான் வந்துகொண்டிருக்கிறார்" என்று கேட்டார். இருவருமே நன்றாகப் படிக்கிறவர்கள். காவியத்தில் குறையில்லை, அவர்களிடமும் குறையில்லை. தங்களுக்குப் பொருந்தாத பதிப்பில் தொடங்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இப்படித் தயங்கி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆங்கிலம் வழியாக ஹோமரை அணுகப் போகிறவர்களே என் மனதில் இருப்பவர்கள். ஐந்து வழிகளை எடுத்துக்கொள்கிறேன்: உரைநடை மொழிபெயர்ப்பு, வரிக்கு வரி செல்லும் செய்யுள், மேடைக்குரிய தளர்வான செய்யுள், எமிலி வில்சனின் புதிய செய்யுள், கடைசியாகக் கிரேக்க மூலம். ஒலிநூலைத் தனி வழியாக எண்ணவில்லை. அது மூன்றாவதோடும் நான்காவதோடும் சேர்ந்தே வருகிறது. ஆனால் என் முடிவில் பெரும்பங்கு அதற்குத்தான்.

## முதலில் அளவுகோல்கள்

பொதுவாக மொழிபெயர்ப்பை எடைபோடும்போது "மூலத்துக்கு நெருக்கமா, படிக்கச் சுகமா" என்று இரண்டே கேள்விகளைக் கேட்பார்கள். ஹோமருக்கு இவை போதா. இந்தக் காவியங்கள் படிப்பதற்காக உருவானவை அல்ல. கேட்பவர் முன்னால் பாடப்பட்ட ஒரு மரபிலிருந்து வந்தவை. ஆகவே என் முதல் அளவுகோல் இது: திரும்பத் திரும்ப வருவதை மொழிபெயர்ப்பாளர் என்ன செய்கிறார்?

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்பதற்கு ஒரே ஒரு காட்சியைக் காட்டுகிறேன். இலியட்டில் வீரர்கள் கவசம் அணியும் பெரிய காட்சிகள் நான்கு. மூன்றாம் காண்டத்தில் பாரிஸ், பதினொன்றில் அகமெம்னன், பதினாறில் பத்ரோக்ளஸ், பத்தொன்பதில் அகிலீஸ். வரிசை மாறுவதில்லை. முதலில் வெள்ளிக் கொக்கிகள் வைத்த கால்கவசம். பிறகு மார்புக்கவசம். தோளில் வாள். அடுத்துக் கேடயம். பிறகு குதிரைவால் முடி அசைந்தாடும் தலைக்கவசம். முடிவில் ஈட்டி. பாரிஸுக்கும் பத்ரோக்ளஸுக்கும் பல வரிகள் எழுத்து மாறாமல் அப்படியே வருகின்றன.

பத்ரோக்ளஸ் தன் நண்பன் அகிலீஸின் கவசத்தைப் போட்டுக்கொண்டு போருக்குப் போகிறான். கால்கவசம், மார்புக்கவசம், வாள், கேடயம், தலைக்கவசம் என்று கேட்டுப் பழகிய வரிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஈட்டியிடம் வந்ததும் பாட்டு தடம் மாறுகிறது. தன் கைக்கு ஏற்ற இரண்டு ஈட்டிகளை எடுத்துக்கொள்கிறான். அகிலீஸின் ஈட்டியை மட்டும் எடுக்கவில்லை. அது பெரியது, கனமானது. பீலியோன் மலையுச்சி மரத்தில் செய்து, குதிரையுடல் கொண்ட கைரோன் அகிலீஸின் தந்தைக்குக் கொடுத்தது. கிரேக்கப் படையில் வேறு யாராலும் அதைச் சுழற்ற முடியாது.

அவன் சாகப் போகிறான் என்பதைக் கேட்பவர் இங்கேயே உணர்ந்துவிடுகிறார். யாரும் அதை விளக்க வேண்டியதில்லை. பழகிய வரிசையில் ஒன்று குறைகிறது, அதுவே போதும். ஆனால் ஒரு மொழிபெயர்ப்பாளர் "இதே வரிகள் மூன்றாம் காண்டத்தில் வந்துவிட்டன, வாசகருக்குச் சலிக்கும்" என்று சொற்களை மாற்றிவிட்டால் அந்த வரிசை உங்கள் காதில் பதிந்திருக்காது. ஈட்டி இல்லாததும் உங்களுக்கு வெறும் தகவலாகப் போய்விடும்.

இந்தத் திரும்பவருதல் சோம்பலால் வந்ததல்ல என்பதைக் காட்டியவர் மில்மன் பாரி என்ற அமெரிக்க ஆய்வாளர். 1928இல் பாரிஸ் நகரில் சமர்ப்பித்த ஆய்வேடுகளில் அவர் ஹோமரின் அடைமொழிகளை எடுத்துக்கொண்டார். ஒடிசியஸ் ஓரிடத்தில் "பல சூழ்ச்சி அறிந்த ஒடிசியஸ்", இன்னோரிடத்தில் "பல துன்பம் தாங்கிய தெய்வீக ஒடிசியஸ்", வேறோரிடத்தில் வெறும் "தெய்வீக ஒடிசியஸ்". எது எங்கே வருகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அடியில் மீதம் இருக்கும் இடம். ஒவ்வொரு நாயகனுக்கும் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு தொடர் தயாராக இருக்கிறது. அதே அளவுக்கு இரண்டாவது தொடர் பெரும்பாலும் இல்லை. ஒரு தனி மனிதர் மேசையில் உட்கார்ந்து உண்டாக்கக்கூடிய ஏற்பாடு அல்ல இது. பல தலைமுறைப் பாணர்கள் பாடிப் பாடிச் செதுக்கியது.

பாரி நூலகத்தோடு நின்றுவிடவில்லை. 1933இலும், பிறகு 1934–35இலும் யூகோஸ்லாவியாவுக்குப் போய், குஸ்லே என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தை வில்லால் இசைத்துப் பாடும் கதைப்பாடகர்களை அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்தார். அவர்களில் தலைசிறந்தவர் பியேலோ போலியேப் பகுதியைச் சேர்ந்த அவ்தோ மெஜெதோவிச். கசாப்புத் தொழில் செய்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். 1935இல் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட ஒரு கலியாணக் கதை 12,311 வரிகள். ஒடிசி ஏறத்தாழ 12,110 வரிகள். எழுத்தறியாத ஒருவர் இவ்வளவு பெரிய கதையைக் கட்ட முடியுமா என்ற கேள்வி அன்றோடு முடிந்தது. இன்னொரு நாள், வேறொரு பாடகர் பாடிய 2,294 வரிக் கதையை அவ்தோ உட்கார்ந்து கேட்டார். அதற்கு முன் அவர் அதைக் கேட்டதில்லை. கேட்டு முடித்ததும் தானே பாடினார்: 6,313 வரிகள். அதே கதைதான். ஆனால் மனிதர்களின் மனமும் குதிரைகளின் அலங்காரமும் பயணத்தின் தூரமும் விரிந்துவிட்டன.

பாரி 1935 டிசம்பரில், 33 வயதில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தார். அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டு அந்த வேலையைத் தொடர்ந்து 1960இல் நூலாக்கினார். நம் வாசகர்களுக்கு இதில் நேரடியான ஓர் உறவும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர் க. கைலாசபதி, பர்மிங்ஹாமில் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, பாரியும் லார்டும் வகுத்த முறையைச் சங்க வீரப்பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்தார். 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட அவருடைய ஆங்கில நூல் அதன் விளைவு. அவருடைய முடிவுகளை மறுத்தவர்களும் உண்டு. ஆனால் "வாய்பாடு" என்ற சொல்லை, பாணர்களின் ஆயத்தத் தொடர் என்ற பொருளில், நம்மிடையே புழங்க வைத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

மற்ற அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

வாய்விட்டுப் படிக்க வருகிறதா? ஒரு பத்தியை உரக்கப் படித்துப் பாருங்கள். மூச்சு எங்கே நிற்கிறது என்பது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வரி எண் மூலத்தோடு ஒத்துப்போகிறதா? வெறுமனே படித்துப் போகிறவருக்கு இது தேவையில்லை. ஆனால் விளக்க நூலோ வேறு மொழிபெயர்ப்போ பக்கத்தில் வைத்துக்கொள்ளும் அன்று எல்லாமே வரி எண்ணில்தான் நிற்கும்.

ஆங்கிலம் எவ்வளவு கடினம்? நம்மில் பலர் ஆங்கிலத்தை வேலைக்காகப் பழகியவர்கள். பழங்கால ஆங்கிலமும் கிரேக்கப் பெயர்களும் ஒருசேர வந்தால் முதல் ஐம்பது பக்கத்திலேயே களைப்பு வந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு என்ன? நூலின் விலையை நான் இங்கே எண்ணவில்லை. நேரத்தையும், இழந்துவிட்டோம் என்று தெரியாமலே இழப்பதையும் எண்ணுகிறேன்.

## உரைநடை: ரியூ, பட்லர்

ஈ. வி. ரியூவின் ஒடிசி 1946இல் வந்தது. பெங்குயின் செவ்வியல் வரிசையின் முதல் நூல் அதுவே. இலியட் 1950இல் வந்தது. கிரேக்க மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டாருக்கு வாய்மொழியாகவே மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்த பழக்கத்திலிருந்து பிறந்தது இது. அந்த வீட்டுப் பேச்சின் சுகம் நூலிலும் இருக்கிறது. நாவல் படிப்பதுபோல் போகும்.

*திரும்பவருதல்:* இங்கேதான் இழப்பு. ரியூ அடைமொழிகளைப் பல இடங்களில் மாற்றுகிறார், சில இடங்களில் விட்டுவிடுகிறார். அவருடைய மகன் திருத்தி 1991இல் வெளிவந்த ஒடிசி மூலத்துக்கு இன்னும் நெருங்கி வருகிறது. உரைநடைதான் வேண்டும் என்றால் அந்தப் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

*மறைந்த செலவு:* உரைநடையில் கதை வேகமாக ஓடும். அதே வேகத்தில் "இந்தப் பட்டியல் ஏன், இந்த உவமை ஏன் இவ்வளவு நீளம்" என்ற எரிச்சலும் வரும். செய்யுளில் இருக்கும்போது பட்டியலைத் தாளம் தூக்கிச் செல்கிறது. தாளம் போனால் பட்டியல் மளிகைக் கணக்குபோல் ஆகிவிடுகிறது.

பட்லரின் உரைநடை 1898இலும் 1900இலும் வந்தது. காப்புரிமை முடிந்தது, இலவசம். ஆனால் அதில் ஜீயஸ் ஜோவ் ஆகிறார், அதீனா மினர்வா ஆகிறார், ஒடிசியஸ் யூலிசிஸ் ஆகிறார். எல்லாமே ரோமானியப் பெயர்கள். பிறகு வேறு எந்த நூலைத் தொட்டாலும் பெயர்களை மறுபடி கற்க வேண்டும். இலவசம் என்பதற்காக மட்டும் இதில் தொடங்காதீர்கள்.

*யாருக்கு:* கதையே தெரியாமல் "ட்ராய் போரில் யார் யார் பக்கம்" என்ற நிலையில் இருப்பவருக்கு ரியூ நல்ல முதல் படி. அதிலேயே நின்றுவிடக் கூடாது.

## வரிக்கு வரி: லாட்டிமோர்

ரிச்மண்ட் லாட்டிமோரின் இலியட் 1951இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. ஒடிசி 1960களில். நீண்ட வரி, ஏறத்தாழ ஆறு அழுத்தங்கள். கிரேக்க வரி எங்கே முடிகிறதோ அநேகமாக அங்கேயே ஆங்கில வரியும் முடியும்.

*திரும்பவருதல்:* இவரை மிஞ்ச ஆளில்லை. கிரேக்கத்தில் ஒரு தொடர் திரும்பினால் இவரிடமும் திரும்பும். மூன்றாம் காண்டத்தில் பாரிஸ் அணிந்த கால்கவசம் பதினாறாம் காண்டத்தில் அதே சொற்களில் வரும். ஈட்டி இல்லாத இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். நான் நின்றேன். பத்ரோக்ளஸ் அந்த ஈட்டியை விட்டுச் சென்றதை ஏற்கனவே உரைநடையில் படித்திருந்தேன். மனதில் பதியவே இல்லை. லாட்டிமோரில் படித்தபோது புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருக்க வேண்டியிருந்தது.

*செவிக்கு:* இங்கேதான் தடை. சொல்வரிசை சில இடங்களில் ஆங்கிலத்துக்கு முரணாகத் திருகிக்கொண்டு நிற்கும். உரக்கப் படிக்கத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் ஓட்டம் பிடிபடும். மௌனமாகப் படித்தால் பிடிபடுவது கடினம். ஆகவே லாட்டிமோரை வாங்குபவர் தினமும் கால் மணி நேரம் வாய்விட்டுப் படிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

*மறைந்த செலவு:* பெயர்கள். கிரேக்க உச்சரிப்பை ஒட்டி எழுதுவார். மற்ற நூல்களில் ஏஜாக்ஸ் என்று வருபவர் இங்கே அயாஸ். அகிலீஸ் இங்கே அக்கில்லியூஸ். ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் மூன்று நாளில் பழகிவிடும்.

*யாருக்கு:* மூலத்தில் என்ன இருக்கிறது என்று அறிய விரும்புகிறவருக்கு, வாய்மொழி மரபு பற்றிப் படிக்கப் போகிறவருக்கு, மாணவருக்கு. முதல் முறையாக ஹோமரைத் தொடும் எல்லோருக்கும் அல்ல. கப்பல் பட்டியலில் நின்றுவிட்ட நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: புத்தகத்தை விற்றுவிடாதீர்கள், ஆறு மாதம் கழித்துத் திறங்கள்.

## மேடைக்குரிய செய்யுள்: ஃபேகல்ஸ், கூடவே ஒலிநூல்

ராபர்ட் ஃபேகல்ஸின் இலியட் 1990, ஒடிசி 1996. இரண்டுக்கும் பெர்னார்டு நாக்ஸ் எழுதிய நீண்ட முன்னுரைகளுக்காக மட்டுமே கூட இந்தப் பதிப்புகளை வாங்கலாம். வாய்மொழிக் கோட்பாட்டை ஒரு புதிய வாசகருக்கு அவரைப்போல் தெளிவாகச் சொன்னவர்கள் குறைவு.

*திரும்பவருதல்:* நடுவழி. "ரோஜா விரல் வைகறை" என்று விடியலைச் சொல்லும் வரி போன்ற பெரிய தொடர்களைப் பெரும்பாலும் காப்பாற்றுகிறார். சிறிய அடைமொழிகளை இடத்துக்கேற்ப நெகிழ்த்துகிறார்.

*செவிக்கு:* இதற்காகவே இவரிடம் போக வேண்டும். வரிகள் நீண்டும் குறுகியும் நடிகரின் மூச்சுக்கு ஏற்ப அசைகின்றன. இவருடைய ஒடிசியை நடிகர் இயன் மெக்கெல்லன் முழுவதுமாகப் படித்திருக்கிறார். பதின்மூன்று மணி நேரம் அளவில் ஓடும். பஸ்ஸில் போய்வரும் நேரத்தில் இரண்டு மூன்று வாரத்தில் முடித்துவிடலாம்.

ஒடிசியைக் கேட்பதில் ஒரு தனிச் சுகம் உண்டு. அந்தக் காவியத்துக்குள்ளேயே பாணர்கள் பாடுகிறார்கள். எட்டாம் காண்டத்தில் பார்வையற்ற பாணன் டெமோடோகஸ் ட்ராய் போரைப் பாடுகிறான். விருந்தாளியாக உட்கார்ந்திருக்கும் ஒடிசியஸ், தான் யாரென்று இன்னும் சொல்லவில்லை. மேலாடையைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான். பிறகு தன் பங்கு பன்றி இறைச்சியிலிருந்து கொழுப்பு மிகுந்த துண்டை அறுத்துப் பாணனுக்குக் கொடுத்தனுப்பி, மரக்குதிரைக் கதையைப் பாடச் சொல்கிறான். பாணனுக்குச் சபையில் என்ன மதிப்பு, எப்படிப் பாடல் கேட்டு வாங்கப்பட்டது, எந்த இடத்திலிருந்து வேண்டுமானாலும் கதையை எப்படித் தொடங்கினார்கள் என்று எல்லாமே இந்தக் காட்சியில் இருக்கிறது. இதைக் கண்ணால் படிப்பதும் காதால் கேட்பதும் ஒன்றல்ல.

*மறைந்த செலவு:* இரண்டு. ஃபேகல்ஸின் வரிகள் மூலத்தைவிட அதிகம்; அவருடைய வரி எண்ணை வைத்து விளக்க நூலில் தேடினால் கிடைக்காது. அடுத்தது, டெரக் ஜாகோபி படித்த இவருடைய இலியட் ஒலிநூல் சுருக்கப்பட்டது. அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும், கவனித்து வாங்குங்கள். காதால் மட்டும் கேட்கும்போது பெயர்கள் நழுவும் என்பதும் உண்மைதான். ஆனால் கிரேக்கர்களுக்கு அடைமொழிகள் செய்த உதவியை அப்போதுதான் நீங்களும் உணர்வீர்கள். "பீலியஸின் மகன் அகிலீஸ்", "தலைக்கவசம் மின்னும் ஹெக்டர்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லும்போது, நழுவிய பெயர் மறுபடி கைக்கு வந்துவிடுகிறது.

*யாருக்கு:* புதியவருக்கு, வேலைக்குப் போகிறவருக்கு, வீட்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கேட்க நினைப்பவருக்கு.

## எமிலி வில்சன்

வில்சனின் ஒடிசி 2017, இலியட் 2023. ஒடிசி முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட முதல் பெண் என்று இவருடைய நூல் வந்தபோது பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் அவர் செய்த நுட்பமான வேலை வேறு. ஐந்து அழுத்தங்கள் கொண்ட ஆங்கில மரபு வரியில், மூலத்தில் எத்தனை வரியோ அத்தனை வரியிலேயே ஒடிசியை முடித்திருக்கிறார். கிரேக்க வரியைவிட ஆங்கில வரி குறுகியது. ஆகவே ஒரு சொல்கூட வீணாகப் போகவில்லை. மொழி இன்றைய ஆங்கிலம். அகராதியைத் தொடாமல் படிக்கலாம்.

*திரும்பவருதல்:* இங்கே எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. "ரோஜா விரல் வைகறை" வரி ஒடிசியில் சுமார் இருபது முறை வருகிறது. வில்சன் தெரிந்தே ஒவ்வொரு முறையும் வேறு சொற்களில் தருகிறார். கேட்டு வாழ்ந்த சமூகத்தில் மறுபடி வருவது நங்கூரம்போல் பிடித்து நிறுத்தியது; எழுத்துக்குப் பழகிய நாம் அதைக் கண்ணால் தாண்டிவிடுவோம் என்பது அவர் தரப்பு நியாயம். ஒவ்வொரு விடியலையும் புதிதாகப் பார்க்க வைக்கிறார் என்பதும் உண்மை. ஆனாலும் அந்த வரி மாறாமல் வருவதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. ஒற்றைக்கண் அரக்கனின் குகையில் அன்று இரவு தோழர்கள் தின்னப்பட்டார்கள். மறுநாள் காலையும் அதே ரோஜா விரல்களோடுதான் விடிகிறது. சொல் மாறினால் அந்தக் கொடுமை குறைந்துவிடுகிறது.

*செவிக்கு:* மிக நன்று. கிளேர் டேன்ஸ் படித்த ஒடிசியும், ஆட்ரா மெக்டொனால்டு படித்த இலியட்டும் ஒலிநூலாக இருக்கின்றன.

*மறைந்த செலவு:* வேகம். ஓடும் நதிபோல் இழுத்துச் சென்றுவிடும். ஹோமர் நின்று நிதானித்துச் சுற்றிவரும் இடங்களின் பாரம் உங்களுக்குத் தெரியாமலே போகலாம்.

*யாருக்கு:* ஆங்கிலம் தடையாக இருக்கும் என்று அஞ்சுபவருக்கு இதைவிட நல்ல நூல் இல்லை. கல்லூரி மாணவர்களுக்கும் முதலில் இதையே கையில் கொடுப்பேன்.

## கிரேக்கத்திலேயே

பைத்தியக்காரத்தனம் என்று தோன்றலாம். அல்ல. கிளைட் ஃபார் என்பவர் 1920இல் வெளியிட்ட பாடநூல், தொடக்கத்திலிருந்தே இலியட்டின் மொழியைக் கற்பிக்கிறது. 77 பாடங்கள். முடிக்கும்போது 611 வரி கொண்ட முதல் காண்டத்தைப் படித்திருப்பீர்கள். பக்கத்தில் ஆங்கிலத்தோடு கிரேக்கத்தைத் தரும் லோப் பதிப்பும் கிடைக்கிறது.

தமிழ் பேசுகிறவருக்கு இங்கே ஒரு நல்ல பிடிமானம் உண்டு. ஹோமரின் யாப்பு அழுத்தத்தில் நிற்பதல்ல, குறில் நெடிலில் நிற்பது. ஓரடிக்கு ஆறு சீர். ஒவ்வொரு சீரும் ஒரு நெட்டசையும் இரண்டு குற்றசைகளும். அல்லது இரண்டு நெட்டசைகள். கடைசிச் சீரில் மட்டும் எப்போதும் இரண்டே அசைகள். இலியட்டின் முதல் மூன்று சொற்கள் "சினத்தைப் பாடு, தேவியே". அதைச் சீர் பிரித்தால் இப்படி ஒலிக்கும்: மேனின / எய்தெதெ / ஆ… மே நெடில், னி குறில், ன குறில். எய் நீளும், தெ குறில், தெ குறில். மூன்றாவது சீர் ஆ என்று தொடங்கிப் போகிறது. நேரசை நிரையசை பிரித்துப் பழகிய நமக்கு இந்த அளவு அந்நியமாகத் தோன்றாது. ஆங்கில யாப்போ அசையின் நீளத்தில் நிற்பதில்லை. அதனால் எந்த மொழிபெயர்ப்பாளரும் இந்த ஓசையை அப்படியே கொண்டுவர முடியாது.

அந்த மொழியைக் கிரேக்கத்தில் எந்த ஊரிலும் வீட்டில் பேசியதில்லை. அயோனிய வழக்கும் ஏயோலிய வழக்கும் கலந்த பாட்டுமொழி அது. சில வரிகளில் அளவு இடிக்கும். சொல்லின் முன்னால் எப்போதோ தேய்ந்துபோன "வ" ஒலியைத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும். "மன்னன்" என்று பொருள்படும் "அனக்ஸ்" ஒரு காலத்தில் "வனக்ஸ்". நாக்கு மறந்துவிட்டதை யாப்பு மறக்கவில்லை. இப்படி ஒன்றை நீங்களே கண்டெடுக்கும் நாளில், பாரி சொன்ன தலைமுறை தலைமுறையான பாணர்கள் உங்கள் விரலுக்கடியில் இருப்பார்கள்.

*மறைந்த செலவு:* நேரம்தான். மாலையில் ஒரு மணி நேரம் என்று வைத்தால் முதல் காண்டத்துக்கே ஓராண்டு. வினைச்சொற்களின் வடிவங்கள் முதல் சில மாதங்களுக்கு வாட்டி எடுக்கும். தனியாகக் கற்பவர்கள் அங்கேதான் கைவிடுகிறார்கள். துணைக்கு ஒருவர் இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | திரும்பவரும் தொடர்கள் | உரக்கப் படிக்க | மூல வரி எண் | முக்கிய இழப்பு |
|---|---|---|---|---|
| ரியூ உரைநடை | பெரிதும் நெகிழ்ந்தவை | எளிது | இல்லை | தாளம் |
| லாட்டிமோர் | முழுமையாக | பழக வேண்டும் | உண்டு | முதல் வாசகரின் பொறுமை |
| ஃபேகல்ஸ் | பாதிக்கு மேல் | மிக நன்று | ஒத்துப்போகாது | மூலத்தின் இறுக்கம் |
| வில்சன் ஒடிசி | தெரிந்தே மாற்றியவை | மிக நன்று | ஒத்துப்போகும் | நிதானம் |
| கிரேக்கம் | மூலமே | நம் காதுக்கு இயல்பு | மூலமே | ஓராண்டு |

## இலியட்டா, ஒடிசியா?

ஒடிசியில் தொடங்குங்கள். கதை இழுக்கும், ஆட்கள் குறைவு, வீடு திரும்பும் மனிதனின் ஏக்கம் யாருக்கும் விளக்காமலே புரியும். இருபது ஆண்டுகள் காத்திருந்த நாய் ஆர்கோஸ், எஜமானைக் கண்டு வாலை அசைத்துவிட்டு உயிர்விடும் பதினேழாம் காண்டம் வரை வந்தவர் திரும்பிப் போக மாட்டார். இலியட் ஏறத்தாழ 15,700 வரிகள். பெயர்களும் சாவுகளும் அதிகம். ஆனால் இரண்டில் பெரியது எது என்று கேட்டால் இலியட் என்றே சொல்வேன். அதற்குக் காதைத் தயார் செய்துகொண்டு போக வேண்டும்.

ஒரே விதிவிலக்கு: போரையும் துக்கத்தையும் பற்றித்தான் படிக்க வேண்டும் என்ற மனநிலையில் இருப்பவர் நேரே இலியட்டுக்குப் போகலாம்.

## நான் சொல்லும் வழி

முதலில் ஒடிசியைக் கேளுங்கள். ஆங்கிலம் நன்றாக வருமென்றால் ஃபேகல்ஸ், இல்லையென்றால் வில்சன். கையில் புத்தகம் வேண்டாம். ஆட்களின் பெயர் எழுதிய ஒரு தாள் போதும். இரண்டாம் முறையாக எட்டாம் காண்டத்தையும், பாணன் ஃபீமியஸ் உயிர்ப்பிச்சை கேட்கும் இருபத்திரண்டாம் காண்டத்தையும் மட்டும் கேளுங்கள். "நானே கற்றவன், எல்லா வகைப் பாட்டுகளையும் தெய்வம் என் நெஞ்சில் நட்டு வைத்திருக்கிறது" என்று அவன் சொல்வதில் அந்தத் தொழிலின் பெருமையும் பயமும் இருக்கின்றன.

அதன்பின் லாட்டிமோரின் இலியட். வாய்விட்டு. ஒரே மூச்சில் முடிக்கவேண்டியதில்லை. ஏதென்ஸில் பானதெனேயத் திருவிழாவில், ஒரு பாடகர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர்ந்து பாட வேண்டும் என்ற விதி இருந்ததாக மரபு சொல்கிறது. நீங்களும் இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அப்படிச் செய்யலாம். ஒருவர் ஐம்பது வரி, அடுத்தவர் ஐம்பது வரி. கப்பல் பட்டியலைத் தாண்டாதீர்கள். அதற்கு முன்னால் பாணன், "பத்து நாவும் பத்து வாயும் இருந்தாலும் என்னால் சொல்லி முடியாது" என்று கலைத்தெய்வங்களை அழைக்கிறான். அந்த அழைப்பை உரக்கப் படித்துவிட்டுப் பட்டியலுக்குள் போனால், அது நினைவாற்றலை அரங்கேற்றும் இடம் என்பது புரியும். ஊர்ப்பெயர்கள் தவறாக உச்சரிக்கப்பட்டால் ஒன்றும் குடிமுழுகாது.

முழு இலியட்டுக்கு நேரமில்லை என்பவருக்கு மூன்றே இடங்கள். மூன்றாம் காண்டத்தில் பாரிஸ் கவசம் அணிவது. பதினாறாம் காண்டத்தில் பத்ரோக்ளஸ் அணிவது. ஈட்டி இல்லாத வரியில் கொஞ்சம் நிறுத்துங்கள். பிறகு பத்தொன்பதாம் காண்டத்தின் கடைசிப் பக்கங்கள். பத்ரோக்ளஸ் செத்துவிட்டான். அகிலீஸ் புதிய கவசம் அணிகிறான். கால்கவசம், மார்புக்கவசம், வாள், கேடயம், தலைக்கவசம். பிறகு தந்தையின் ஈட்டியை அதன் உறையிலிருந்து உருவுகிறான். பெரியது, கனமானது, வேறு யாராலும் சுழற்ற முடியாதது, பீலியோன் மலையுச்சியிலிருந்து கைரோன் கொண்டுவந்து கொடுத்தது. பதினாறாம் காண்டத்தில் வந்த அதே வரிகள், சொல் மாறாமல்.